கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும்

மறந்துவிடு, மன்னித்துவிடு என்று யாராவது புத்தி சொல்ல வந்தால் எனக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் கோபம் வரும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஒன்று என்னிடம் இருந்தது. அது போதும். அதைப் பிடுங்கினார்கள். பிடுங்கியவரை நான் எப்படிப் பழிவாங்கினேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு இவள் பொல்லாதவள் என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் தாராபுரம் சாலையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தாளாளர் பனியன் கம்பெனி முதலாளி. கல்லூரியும் அவருக்கு இன்னொரு யூனிட்தான். மாலை மணி அடித்தால் "ஷிப்ட் முடிஞ்சுதுங்களா?" என்றுதான் கேட்பார். என் வகுப்பில் இலக்கியம் படிக்கவென்று வந்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பி.காம், காஸ்ட்யூம் டிசைன். பட்டம் வாங்க ஒரு தமிழ்த் தாளையும் எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறதே என்று வந்து உட்காருகிறவர்கள். பாதிப் பேர் லீவு நாளில் ஏதாவது ஒரு கம்பெனியில் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ நிற்பார்கள். திங்கட்கிழமை காலையில் விடுகிற கொட்டாவியை வைத்தே ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே இருந்தார்கள் என்று சொல்லிவிடுவேன்.

இவர்களுக்கு இலக்கியத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நான் பேசினால் தூங்குகிறார்கள். சரி, நீங்களே பேசுங்கள் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் பெஞ்சுகளை இழுத்து வட்டமாகப் போட வேண்டும். கைட் புத்தகம் பைக்குள் போய்விட வேண்டும். பாடத்தில் உள்ள ஒரு கதையையோ பாட்டையோ எடுத்து நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அதற்கு எனக்கே பதில் தெரிந்திருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்ததைக் கேட்டால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தே விடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள், திருட்டுப் பிள்ளைகள்.

அப்புறம் ஒரு சட்டம். ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால், முதலில் அவர் என்ன சொன்னார் என்பதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆமாம், அதைத்தான் சொன்னேன்' என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்கலாம். இதற்குப் பிள்ளைகளே 'செக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். கம்பெனியில் கைக்கு வந்த துணியைத் திருப்பிப் பார்க்காமல் அடுத்த மேசைக்குத் தள்ளக் கூடாது, அந்த வழக்கம். எவனாவது அவசரப்பட்டுக் குறுக்கே பாய்ந்தால் நாலு பக்கமிருந்தும் "செக்கிங், செக்கிங்!" என்று கத்துவார்கள். பாய்ந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டு முதலில் இருந்து ஆரம்பிப்பான்.

அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுக்க அந்தக் கல்லூரிக்குப் போய்வந்தேன். மற்றதெல்லாம் அட்டெண்டன்ஸும் இன்டர்னல் மார்க்கும்தான். வருஷக்கணக்காக வாய் திறக்காத பிள்ளை ஒன்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் தடுமாறி, கடைசி வரை சொல்லி முடிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அந்தச் சந்தோஷத்துக்கு நான் அடிமை.

அப்படி ஒருத்தி இருந்தாள். சாமளாபுரத்துப் பக்கமிருந்து பஸ் மாறி வருகிறவள். வீட்டில் தறி ஓடுகிறது. தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் கத்திப் பேசுவார்கள் என்பார்கள், இவள் நேர்மாறு. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். முதல் வருஷம் முழுக்க வட்டத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எடுத்தது ஒரு சின்னக் கதை. ஒரு பெண் கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டிலிருந்து ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறாள். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் புருஷன் அதைச் சந்தையில் விற்றுவிடுகிறான். மறுநாள் விடிகிற நேரம் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று கத்துகிறது. அவள் எழுந்து வந்து பார்க்கிறாள். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போடுகிறாள். அவ்வளவுதான் கதை. அவள் ஏன் சாத்தினாள்? எனக்குத் தெரியவில்லை. கேட்டேன்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் உண்டு. எதற்கும் முதலில் கை தூக்குகிறவன். அவன் சொன்னான்: "வெக்கந்தாம்மா. வித்த மாட்டத் திரும்பக் கெட்டி வச்சுக்கிட்டா ஊர்ல களவாணின்னு சொல்லுவாங்கல்லா?"

இன்னும் ரெண்டு பேர் பயம் என்றார்கள், ஒருத்தி பாவம் பார்க்காத ராட்சசி என்றாள். அப்போது சாமளாபுரத்துக்காரி எழுந்தாள். எழுந்ததே எனக்குத் திக்கென்றது.

"அவரு சொல்றது, ஊரு என்ன பேசுமோன்னு வெக்கப்பட்டுச் சாத்துனாங்கறாருங்க" என்றாள். பையன் தலையாட்டினான். "அதில்லீங்க. மாட்ட உள்ள உட்டா அவன் பண்ணுன தப்பு இல்லாமயே போயிருமுங்க. 'பாரு, உன்ற மாடு உனக்கே வந்துருச்சில்ல, பொறவென்ன?'ன்னு சிரிச்சுட்டுப் போயிருவான். அவன் அப்படித் தப்பிச்சுக்கக் கூடாதுன்னுதானுங்க சாத்துனா."

 அப்புறம் பாருங்கள், ஒரே கூச்சல். பொண்ணுங்கள் பக்கம் மேசையைத் தட்டினார்கள். பையன்கள் 'செக்கிங்' கூடச் செய்யாமல் கத்தினார்கள். நான் பூரித்துப்போய் நின்றேன். இவளா, நம்ம ஊமைச்சியா!

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு துறைத்தலைவர் உள்ளே வந்தார்.

எங்கள் தமிழ்த் துறைக்குத் தலைவர். என்னைவிட மூத்தவர். கசங்காத சட்டை, கணீர்க் குரல். கல்லூரி விழா என்றால் வரவேற்புரை அவருடையதுதான். மைக் இல்லாமலே கேட் வரைக்கும் கேட்கும். கதையோ பாட்டோ, கைட்டைத் தாண்டி அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

"ஏனம்மிணி, இது கிளாஸா, வாரச் சந்தையா?" என்றார் என்னைப் பார்த்து. பிள்ளைகள் முன்னால். "பக்கத்துல நாங்க பாடம் நடத்தோணுமா, வேண்டாமா?"

நான் விளக்கம் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்து, "நீ என்ன சொன்ன?" என்றார். அவள் பாதி சொல்வதற்குள் சிரித்துவிட்டார். பக்கத்துப் பெஞ்சில் கிடந்த பை ஒன்றிலிருந்து கைட்டை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார்.

"படி."

அவள் படித்தாள். வறுமையின் காரணமாக மாட்டை வைத்துப் பராமரிக்க வழியின்றிக் கதவைச் சாத்தினாள், இக்கதை வறுமையின் கொடுமையை விளக்குகிறது.

"சத்தமா. கடைசி பெஞ்சுக்குக் கேக்கோணும்."

மறுபடியும் படித்தாள்.

"கேக்கல. இன்னொருக்கா."

எத்தனை தரம் படிக்க வைத்தார் என்று எனக்கு நினைவில்லை. கடைசியில் அவள் குரல் உடைந்து, உதடு மட்டும்தான் அசைந்தது. "இதுதான் பதில். அஞ்சு மார்க்" என்றார் அவர். "உன்ற ரோசனையெல்லாம் ஊட்டுல வெச்சுட்டு வா." போகிற போக்கில் என்னிடம் திரும்பி, "பாடம் நடத்தத் தெரியலீன்னா சொல்லுங்கம்மிணி. தாளாளர்கிட்டச் சொல்லிக் கம்பெனில சூப்பர்வைசராப் போட்டுடலாம். அங்க நல்லாச் சத்தம் போட்டுக்கலாம்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பெரியவர் ஜோக் அடித்தால் சிரித்துத்தானே ஆக வேண்டும்.

அடுத்த வாரம் என் வெள்ளிக்கிழமை பீரியட் வாராந்திரத் தேர்வாக மாறியிருந்தது. பெஞ்சுகள் வரிசைக்குத் திரும்பின. சாமளாபுரத்துக்காரி கடைசி பெஞ்சுக்குப் போனாள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூடக் கையை மட்டும்தான் தூக்கினாள், வாயைத் திறக்கவில்லை.  பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "இரு, உனக்கு இருக்குது, இரு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா தன்னைத்தான் திட்டுகிறேனோ என்று தள்ளி உட்கார்ந்தார்.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். எனக்கு ஆய்வுக்குழு வடிவத்தில் வந்தது. கல்லூரியின் தரத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து பேராசிரியர்கள் வருகிறார்கள் என்று எல்லாச் சுவருக்கும் பெயின்ட் அடித்தார்கள். தாளாளர் தமிழ்த் துறையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஐயா சொன்னாருங்க" என்றார் என்னிடம். "நம்ம காலேஜில பிள்ளைங்க வட்டமா உக்காந்து இலக்கியம் பேசறாங்களாமா. ஐயாவோட ரோசனையாமா. வர்றவங்களுக்கு இதையே காட்டிப்போடலாமுங்க."

நான் துறைத்தலைவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட கெரகமே! சந்தைக்கடை என்று இழுத்து மூடின ஆள், அதையே தன் சரக்கு என்று விற்கிறார்.  அங்கேயே எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நல்ல வேளை, கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

"அம்மிணி பசங்களத் தயார் பண்ணிரும்" என்றார் துறைத்தலைவர். "கேள்வி பதிலெல்லாம் நான் குடுத்தர்றேன். அந்த மாட்டுக் கதையே இருக்கட்டும்."

திருப்பூருக்குப் புதிதானவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்த்துவர ஆள் அனுப்புவார்கள். தொழிலாளிகளைக் கூப்பிட்டு, நன்றாக நடத்துகிறார்களா என்று கேட்பார்கள். அதற்கு 'ஆடிட்' என்று பெயர். சில கம்பெனிகளில் முதல் நாளே தையல் லைனில் உள்ளவர்களை நிறுத்தி, கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்திவிடுவார்கள். தாளாளருக்குத் தெரிந்த ஒரே கலந்துரையாடல் அதுதான்.

நான் பணிவாகக் கேட்டேன். "ஐயா, நாம சொல்லிக்குடுக்காத கேள்வி எதையாச்சும் கேட்டாங்கன்னா?"

தாளாளர்தான் பதில் சொன்னார். "நமக்கு எந்தக் குறையும் இல்லை, நல்லாப் பாத்துக்கறாங்கன்னு சொல்லச் சொல்லுங்க. எச்சாப் பேச வேண்டாம். கம்பெனில அப்படித்தானுங்க."

துறைத்தலைவர் "அதேதானுங்க" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில்தான் என் பழிவாங்கலே இருந்தது. ஒருவரைக் கவிழ்க்க வேண்டுமா? சதியெல்லாம் வேண்டாம். அவர் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் செய்யுங்கள், போதும்.

செய்தேன். பேசுகிற பிள்ளைகளை அவரே பொறுக்கினார். நல்ல சட்டை, நல்ல குரல். சாமளாபுரத்துக்காரியைப் பார்த்து, "இது வேண்டாம், இதுக்குச் சத்தமே வராது" என்றார். திருநெல்வேலிப் பையன் முதல் ஆள். அவனுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது.

"அம்மா, இது ஆடிட்டாம்மா?"

"ஆமாம் கண்ணு. ஆடிட்தான்."

அவ்வளவுதான், வகுப்பே இளகிவிட்டது. இலக்கியம் என்றால்தானே பயம்? ஆடிட் அவர்களுக்குத் தெரிந்த வேலை. கேள்வி ஒன்று, பதில் ஒன்று, கேள்வி இரண்டு, பதில் இரண்டு என்று கடகடவென்று ஒப்பித்தார்கள். வேறு ஏதாவது கேட்டால்? "ஒரு குறையும் இல்லீங்க!" என்று கோரஸ். துறைத்தலைவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். "இப்பத்தான் அம்மிணி நீங்க வாத்தியாரம்மா ஆயிருக்கறீங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையாக நான் யாருக்கும் நன்றி சொன்னதில்லை.

ஆய்வு நாளன்று பெஞ்சுகள் வட்டமாகப் போட்டிருந்தன. நடுவில் துறைத்தலைவர். வட்டத்துக்கு வெளியே, ஜன்னல் பக்கம் நான். வந்த குழுவில் ஒரு பேராசிரியை இருந்தார், பருத்திப் புடவை, நரைத்த தலை, யாரிடமும் குரல் உயர்த்தாத பேச்சு. தாளாளரும் அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கேள்வி ஒன்று, பதில் ஒன்று போனது. கேள்வி இரண்டு, பதில் இரண்டு போனது. பேராசிரியை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திருநெல்வேலிப் பையனைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். அவள் கதவைத் திறந்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?"

பையன் எழுந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம் யோசித்தான், சொல்ல அவனிடம் ஏதோ இருந்தது. அடுத்த கணம் பயிற்சி ஜெயித்துவிட்டது.

"எங்களுக்கு ஒரு குறையும் இல்ல மேடம். நல்லாப் பாத்துக்கிடுதாவ. குடிக்கத் தண்ணி இருக்கு. பாத்ரூம் போணும்னா விடுதாவ. எனக்குப் பதினெட்டு வயசு ஆயிட்டு. யாரும் என்னயக் கட்டாயப்படுத்தல."

நாங்கள் சொல்லிக்கொடுத்தது முதல் இரண்டு வரிதான். மிச்சம் அவன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்தது. வட்டத்தில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது சரியான பதில். தாளாளரும் தன்னையறியாமல் தலையாட்டிவிட்டார், பிறகுதான் சட்டென்று நிறுத்தினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தேன். திரும்பியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

பேராசிரியை துறைத்தலைவர் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள் ஐயா. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

"இக்கதை வறுமையின் கொடுமையை…"

"அது சரி. வறுமை என்றால், வந்த மாட்டை இன்னொரு தரம் விற்றிருக்கலாமே?"

துறைத்தலைவர் கைக்குட்டையை எடுத்தார். நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். கேட் வரை கேட்கிற குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

அந்த அம்மாள் அவரைத் துரத்தவில்லை. "யோசனை நல்ல யோசனைதான். வாராவாரம் நீங்களே நடத்துகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

தாளாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஆமாங்க" என்றார் துறைத்தலைவர். தவளை தன் வாயால் கெடும்.

"அப்படியானால் தொடருங்கள். பேச விட்டால் பேசுவார்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் தாளாளர் சொன்னார்: "ஏனுங்கய்யா, அந்தம்மா சொல்லிட்டுப் போயிட்டாங்க. ரோசனை உங்களுது, பீரியடும் உங்களுதுங்க. வர்ற வெள்ளிக்கிழமையிலிருந்து நீங்களே எடுத்துப்போடுங்க."

அதற்குப் பின் வந்த வெள்ளிக்கிழமைகளை நான் எப்படிச் சொல்வேன்! மழை நாளில் சூடான பஜ்ஜி தின்கிற சுகம். அடுத்த அறையில் முதல் வருஷப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்துவிட்டுச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். மெல்லிய சுவர். "கேள்வி இருந்தாக் கேளுங்க" என்பார் அவர். கேட்டார்கள்! வாங்கின ஆள் மாட்டைத் தேடி வந்தால் என்ன ஆகும், புருஷன் அப்போது எங்கே நின்றான், மாட்டுக்கு ஏன் பேர் வைக்கவில்லை என்று கேட்டார்கள். அவர் வாயைத் திறந்தால் "செக்கிங், செக்கிங்!" என்றார்கள். வம்புக்குச் செய்யவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரியும். நான் தூண்டிவிடவும் இல்லை. முன்னாலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன், அதுதான் வினை. கொஞ்ச நேரத்தில் அவர் போட்ட அதட்டலில் அறையே அடங்கிப்போகும். அப்புறம் கைட்டின் வரிகள் கேட்கும். மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பு கலைந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை, ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, "ஏனுங்கம்மிணி, அந்தப் பொம்பள எதுக்குத்தான் கதவச் சாத்துனா?" என்று கேட்டார்.

"கைட்டுல இருக்குதுங்களே ஐயா" என்றேன். "அஞ்சு மார்க்."

அவர் முகம் சுருங்கியது. நான் பேப்பர் திருத்துவதைத் தொடர்ந்தேன். அடுத்த வியாழக்கிழமையும் வந்தார். இந்தத் தடவை கேள்வியோடு வரவில்லை. "அந்தப் பீரியட நீங்களே எடுத்துக்குங்கம்மிணி. தாளாளர்கிட்ட நான் பேசிக்கறேன். உங்க பீரியடுதான, உங்களுக்கே வந்துருச்சுன்னு வெச்சுக்குங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு. என் பீரியட் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறது. கையை நீட்டினால் போதும். நீட்டத்தான் துடித்தது. "வேண்டாமுங்க ஐயா" என்றேன். "பேர் உங்களுது."  அந்தப் பெண் ஏன் கதவைச் சாத்தினாள் என்று எனக்கு அப்போதுதான் உடம்போடு புரிந்தது. சாமளாபுரத்துக்காரி சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் அவளே என் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தக் கைட் நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் வாய் திறந்து பேசியதில்லை.

"அம்மா, நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமா? மத்தியானம் ஐயா கிளாசுல சொன்னாருங்க."

"ஆமாம். நீதானே கண்ணு சொன்னே, உள்ளே விட்டால் அவன் தப்பிச்சுக்குவான்னு?"

ஏதோ மிகப் பெரிய பதில் சொல்லிவிட்ட பெருமை எனக்கு.  அவள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று போயும்விட்டது. அவள் ஏறவில்லை.

"சொன்னேனுங்க" என்றாள் கடைசியில். "ஆனா மாடு என்னங்கம்மா பண்ணுச்சு? அது பாட்டுக்குக் கயிறு அத்துட்டு வந்துருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் எனக்குக் கோபம்தான் வரும். "அப்போ அந்த ஆள் சிரிச்சுட்டுப் போகட்டும்கறியா?" என்று சீறினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பயப்படவில்லை. "இல்லீங்க. மாட்ட உள்ள உட்டுட்டு, அவன வெளிய நிக்க வெச்சுக் கதவச் சாத்தியிருக்கோணுமுங்க. எனக்கு அன்னைக்குத் தோணல."

நான் பஸ் ஸ்டாப் என்றும் பார்க்காமல் கடகடவென்று சிரித்தேன். அடி என் தங்கமே! இத்தனை வயசுக்கு எனக்குத் தோன்றவில்லையே இது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் துறைத்தலைவர் நாற்காலியில் உட்காருவதற்குள் முன்னால் போய் நின்றேன். "ஐயா, பீரியட நான் எடுத்துக்கறேனுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "ஆனாத் தாளாளர் உங்க பேர்லதான போட்டிருக்காருங்க? அதனால நீங்களும் வரோணும். பிள்ளைங்களோட வட்டத்துல உக்காரோணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். முடியாதுன்னாச் சொல்லுங்க, நாம ரெண்டு பேருமே போய்த் தாளாளர்கிட்டக் கேட்டுக்கலாம், ரோசனை யாருதுன்னு."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். "வர்றேன்" என்றார்.

வந்தார். சாமளாபுரத்துக்காரிக்கு எதிரில் இருந்த பெஞ்சில், திருநெல்வேலிப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் இடித்தது, ஒருக்களித்து உட்கார்ந்தார். அதே கதை. அதே கேள்வி. நான் யாரையும் பார்க்கவில்லை, ஆனால் அவள் எழுந்துவிட்டாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். வட்டமே முன்னால் சாய்ந்து கேட்டது. முன்பு சொன்னதைச் சொன்னாள், அது ஏன் போதாது என்று சொன்னாள், மாட்டை உள்ளே விட்டிருக்க வேண்டும், தப்புச் செய்தவனைத்தான் வெளியே நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொன்னாள். தொடங்கிய வாக்கியம் ஒவ்வொன்றையும் முடித்தாள்.

"அதெப்படி…" என்றார் துறைத்தலைவர்.

"செக்கிங், செக்கிங்!"

நாலு பக்கமிருந்தும் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு அவசரம் இல்லை. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தப் புள்ள சொல்றது…" குரல் வரவில்லை. "மாட்ட உள்ள உட்டுட்டு… அவன வெளிய…"

அவள் தலையை அசைத்தாள். "முழுசாச் சொல்லலீங்கய்யா."

"சத்தமாங்கய்யா" என்றேன் நான். "கடைசி பெஞ்சுக்குக் கேக்கோணும்."

வட்டத்தில் கடைசி பெஞ்சு என்று ஒன்று கிடையாது. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் எழுந்து நின்று, அவள் சொன்னதை முதலில் இருந்து சொன்னார்.